கனவென்றால் பேசலாம்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எதிரில் இல்லாதவரைப் பற்றிப் பேசக் கூடாது என்பது எங்கள் டீச்சர்கள் அறையில் அவர் போட்டுவைத்திருந்த சட்டம். அந்தச் சட்டத்தை இப்போது நான் முதல் வரியிலிருந்தே மீறிக்கொண்டிருக்கிறேன். பெயரையாவது விட்டுவைப்போம் என்று ஓர் எண்ணம். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட்டோம். ஆஸ்பத்திரியில் நர்ஸுகளைச் சிஸ்டர் என்பார்கள். நர்சிங் பள்ளியில் பாடம் நடத்துகிறவர்களும் வார்டிலிருந்து வந்தவர்கள்தான் என்பதால் நாங்களும் சிஸ்டர்கள். அவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர், அதனால் பெரிய சிஸ்டர்.

ஆளைப் பார்த்தால் பெரிய என்ற சொல் எங்கேயும் பொருந்தாது. குள்ளம், ஒல்லி. கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை அவரைவிட ஒரு சுற்று அகலமாக நிற்கும். குரல் மட்டும்தான் பெரிது. அதைத் தாழ்த்த அவருக்குத் தெரியாது. வரதராஜப் பெருமாள் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொன்னாரென்றால் வெளியே செருப்பு பார்த்துக்கொள்கிறவனுக்கும் தெரிந்துவிடும். காதோடு காதாக ஒரு விஷயம் சொல்லலாம் என்று அவர் பக்கத்தில் போனால், “இன்னா? சத்தமா சொல்லு” என்பார். சத்தமாகச் சொல்லக்கூடியதாக இருந்தால் நாம் ஏன் காதோரம் போகிறோம்?

அறுபதுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி, அதை ஒட்டி எங்கள் பள்ளி. டீச்சர்கள் அறை என்பது ஒரு காலத்தில் வார்டுத் துணிகள் அடுக்கிவைத்திருந்த கிடங்கு. ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நெசவுத் தெரு. காலையில் தறியில் ஏற்றப்போகிற பட்டு நூலை, பாவு என்பார்கள், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். அரக்குப் பாவு போட்ட நாளில் எங்கள் சுண்ணாம்புச் சுவர் லேசாக அரக்காகும். பச்சைப் பாவு போட்ட நாளில், என்னோடு வேலை பார்த்த ரூத்தின் முகம் பச்சையாக இருக்கும். பிறகு வெயில் ஏறியதும் பாவைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மதியம் முழுக்கத் தறிச் சத்தம். டெட்டால் வாசனையோடு சாயப் பட்டறை வாசனையும் சேர்ந்து உள்ளே வரும். இன்றைக்கும் மதியத் தூக்கம் கலையும் நேரத்தில் சில நாள் அந்த வாசனை வருகிறது. எந்த ஊரில் படுத்திருக்கிறேன் என்று யோசிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது.

அந்த அறையில் நாங்கள் நான்கு பேர். பெரிய சிஸ்டர், வாலாஜாபாத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ருக்மணி அக்கா, ரூத், கடைசியாகச் சேர்ந்த மரகதமாகிய நான். பெரிய சிஸ்டர் வார்டிலிருந்து மாற்றலாகி எங்களிடம் வருவதற்கு முன்னால் அந்த அறையில் மதியச் சாப்பாட்டோடு என்ன நடக்கும் என்றால், வம்பு நடக்கும். ருக்மணி அக்காதான் தலைமை. யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மாணவிக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது, எல்லாம் அக்காவுக்குத் தெரியும். தெரியாததை இன்னும் நன்றாகச் சொல்வார். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். சாப்பாடு அப்படி இறங்கும். ஆனால் கழுவிய டிபன் பாக்ஸோடு எழுந்திருக்கும்போது, நான் எழுந்து போனதும் என்னைப் பற்றி என்ன பேசுவார்களோ என்ற பயமும் கூடவே எழுந்து வரும். அதனால் அங்கே யாரும் முதலில் எழுந்திருக்க மாட்டார்கள். வகுப்புக்கு மணி அடித்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, எழுந்தால் சேர்ந்தாற்போல் எழுவோம்.

பெரிய சிஸ்டர் வந்த முதல் வாரம். ருக்மணி அக்கா ஆரம்பித்தார்.

“அந்த வார்டனம்மா இருக்குதே, அது ஹாஸ்டலுக்கு வாங்கற அரிசியில...”

பெரிய சிஸ்டர் மோர்ச்சாதத்திலிருந்து கையை எடுத்தார். கழுவினார். துடைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

“இருங்க. கட்டிலாண்ட வெச்சுப் பேசலாம்.”

என்ன கட்டில், யாருடைய கட்டில் என்று நாங்கள் விழித்துக்கொண்டிருக்கும்போதே போய் வார்டனம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த அம்மாள் பாதிக் குளியலில் வந்ததுபோல் ஈரத் தலையோடு நின்றார்.

“உக்காருங்கம்மா. உங்களைப் பத்திப் பேச்சு வந்துது. ருக்மணி, நீ சொல்லு. அரிசியில இன்னா?”

ருக்மணி அக்கா வாயிலிருந்த சோற்றை விழுங்க முடியாமல், “அரிசி இப்ப நல்லா இருக்குதுன்னு சொல்ல வந்தேன் சிஸ்டர்” என்றார்.

“போன வாரம்தானேம்மா கல்லுன்னு சொன்ன?” என்றார் வார்டனம்மா.

நான் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். 

கட்டில் விஷயம் பிறகுதான் விளங்கியது. டியூட்டி மாறும்போது போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எல்லோரும் அதை மேஜையோரம் நின்று முடித்துவிடுவார்கள். இவர் வார்டில் இருந்தவரை கட்டில் கட்டிலாகப் போய், படுத்திருக்கிறவர் காது கேட்கத்தான் சொல்ல வேண்டும். ஏன் இப்படி என்று கேட்டால் ஒரு கதை சொல்வார். ஒரு தடவை ஓர் அம்மாளின் கட்டிலருகே நின்று, “இவங்க நல்லா தூங்கினாங்க” என்று இவர் ஒப்படைத்திருக்கிறார். அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே, “தூங்கல. கண்ணை மூடிக்கினு அழுதுக்கினு இருந்தேன்” என்றாளாம்.

“பாத்தியா? மேஜையாண்ட சொல்லியிருந்தா அவங்க தூங்கினாங்கன்னே ஆயிருக்கும். கட்டிலாண்ட நின்னு சொன்னா, தப்பா சொன்னாக்கூட அவங்களே திருத்துவாங்க” என்பார்.

வார்டுக்குச் சரி. இதை மதியச் சாப்பாட்டுக்கும் கொண்டுவந்தால் மனுஷர்கள் எப்படிச் சாப்பிடுவது? யாருடைய பெயராவது வாயில் வந்தால் போதும், அவர் கை கழுவ எழுந்துவிடுவார். பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்றேன், மறுநாள் பால்காரன் கேனோடு எங்கள் அறை வாசலில் நின்றான். தமாஷ் என்பது அவருக்கு எட்டாத விஷயம். ருக்மணி அக்கா அவரைப் போலவே நடந்து காட்டி எங்களைச் சிரிக்கவைத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தவர் முழுவதும் பார்த்துவிட்டு, “இடது கால இன்னும் கொஞ்சம் இழுப்பேன் நான்” என்று திருத்திவிட்டுப் போனார்.

ஒரு தடவை மட்டும் அது சிரிப்பாக இல்லை. ரூத்தின் புருஷன் பம்பாயில் வேலைக்குப் போனவர், கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார். ரூத் எங்களிடம் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வகுப்பில் இருந்தபோது நானும் ருக்மணி அக்காவும் பாவம் பாவம் என்று பேசிக்கொண்டிருந்தோம். உண்மையாகவே பாவப்பட்டுத்தான் பேசினோம். பெரிய சிஸ்டர் போய் ரூத்தை அழைத்து வந்தார். ரூத் எங்கள் முகங்களைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் இன்னதென்று புரிந்துகொண்டாள். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் பல நாள் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. “நாங்க இரக்கப்பட்டுத்தானே சிஸ்டர் பேசினோம்?” என்றேன்.

“இரக்கமா இருந்தா அதை அவளுக்குத்தானே குடுக்கணும்? நீங்க ரெண்டு பேரும் ஏன் பங்கு போட்டுக்கினு இருக்கீங்க?”

அவர் சொன்னது சரிதான். ஆனால் கோபமும் போகவில்லை. சரியானதைச் செய்துவிட்டு அடுத்தவர் அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் எனக்கு அன்றும் ஒரு பயம், இன்றும் ஒரு பயம். அந்த நாட்களில் பெரிய சிஸ்டர் பள்ளி விட்டதும் ரூத் வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாராம். ரூத்தே பிறகு சொன்னாள். “ஒரு வார்த்தை பேசல மரகதம். முருங்கைக்கீரைய ஆய்ஞ்சு குடுத்துட்டுப் போயிடுவாங்க.”

அதற்குப் பிறகு எங்கள் அறை அமைதியாகிவிட்டது. நல்ல அமைதி என்று சொல்ல முடியாது. பேச ஒன்றுமில்லை. அடுத்தவர்களை எடுத்துவிட்டால் பேசுவதற்கு நம்மிடம் எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. நான்கு பேரும் தலைகுனிந்து சாப்பிடுவோம். தறி நான்கு வீடு தள்ளி அடிக்கும். யாராவது ஊறுகாய் கேட்டால் அதுவே அன்றைய பேச்சு.

அப்படி ஒரு மழை நாளில், ரூத் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “நேத்து ஒரு கனவு.”

கடலுக்கு அடியில் நடந்து போகிறாளாம். யூனிஃபாரம் நனையவே இல்லையாம். வழியெல்லாம் கட்டில்கள். கட்டிலில் மீன்கள் போர்த்திக்கொண்டு படுத்திருக்கின்றன. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா படுத்திருக்கின்றன.

பெரிய சிஸ்டர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். “அப்புறம்?”

“அப்புறம் முழிச்சுக்கினேன்.”

“அடடா” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு ஏமாற்றத்தை நாங்கள் பார்த்ததே இல்லை. தனக்குக் கனவே வராது என்றார். படுத்தால் தூக்கம், எழுந்தால் விடியல், நடுவில் ஒன்றும் இல்லை. வாழ்நாளில் ஒரு கனவுகூட வந்த ஞாபகம் இல்லையாம்.

அன்றிலிருந்து எங்கள் அறையில் கனவு சொல்வது வழக்கமாகிவிட்டது. காலையில் எழுந்ததும் கனவை மறக்காமல் முடிந்துவைத்துக்கொண்டு வருவோம். சாயப் பட்டறைச் சாக்கடையில் பச்சையும் சிவப்புமாய் ஓடுகிற தண்ணீரில் என் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு இளமையாகத் திரும்பி வந்ததைச் சொன்னேன். இன்னொரு நாள், கோயில் குளத்துக்கு அடியில் படுத்திருக்கிற அத்தி வரதர் சொட்டச் சொட்ட நனைந்து எங்கள் வார்டுக்கு வந்து கட்டில் கேட்டதைச் சொன்னேன். காலி இல்லை, வெளியே பெஞ்சில் உட்காருங்கள் என்று நான் சொல்லிவிட்டேன்.

“ஜுரம் இருந்துதா? தொட்டுப் பாத்தியா?” என்றார் பெரிய சிஸ்டர்.

“சாமியை எப்படி சிஸ்டர் தொடறது?”

“பேஷன்ட்டா வந்துட்டாருன்னா தொடணும்மா” என்றார். தமாஷுக்கு இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அந்த மதியங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு லேசாகிறது. பேசி முடித்தால் யாருக்கும் வாய் கசக்கவில்லை. எழுந்து போக யாரும் பயப்படவில்லை. அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். “கனவுல வர்றவங்களைப் பத்திப் பேசலாமா சிஸ்டர்? அவங்க எதிர்ல இல்லையே?”

அவர் ஆஸ்பத்திரிச் சட்டத்தில் இதற்கு இடம் எங்கே என்று தேடினார் போலிருக்கிறது.

“கனவுல வந்தா அவங்க உன் ஆளுங்க. கனவுன்னா பேசலாம்” என்றார்.

ருக்மணி அக்கா அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரமே அக்காவுக்குக் கனவுகள் வர ஆரம்பித்தன. ஒரு கனவில் வார்டனம்மா முந்தானையில் அரிசி கட்டிக்கொண்டு போனார். இன்னொரு கனவில் ஹெட் கிளார்க் மனைவி கோபித்துக்கொண்டு உத்திரமேரூருக்குப் போய்விட்டாள். அக்காவின் கனவில் மீன் வராது, சாமி வராது. முழுக்க எங்கள் ஆஸ்பத்திரி ஆட்கள்தான். எனக்கும் ரூத்துக்கும் உடனே புரிந்துவிட்டது. பெரிய சிஸ்டருக்குப் புரியவில்லை. “அப்புறம்?” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். கனவே காணாதவருக்கு எது கனவு, எது கட்டிச் சொன்னது என்று எப்படித் தெரியும்?

இந்தச் சமயத்தில் எனக்கு ஒரு வரன் வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நைட் டியூட்டி பார்த்த பெண் என்றால் அந்த நாளில் தெருவில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் நெசவு வீட்டுக்கு வந்த வரன்கள் எல்லாம், பெண் நர்ஸ் என்றதும் காபியோடு எழுந்து போய்விட்டன. இந்த வரன் அப்படியில்லை. சேலைக்குக் கரையும் புட்டாவும் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுக்கிறவர். எங்கள் பள்ளிக்கு மனித உடம்புப் படங்கள் பெரிதாக வரைந்து தர வந்தபோதே நான் அவரைப் பார்த்திருக்கிறேன். இதயத்தை வரைந்துவிட்டு, “நெசமாவே உள்ள நாலு ரூமா இருக்குது?” என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. வேறு எதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை என்று இந்த வயதில் சொல்வதற்கு என்ன வெட்கம்? அப்பா அம்மா இல்லாத அவரை வளர்த்தது அவருடைய அத்தை. அந்த அத்தையே ஆள் விட்டுக் கேட்டார்கள் என்றதும் என் அம்மா எல்லாக் கோயிலுக்கும் வேண்டிக்கொண்டாள்.

எனக்கும் ஒரு சேதி வந்திருந்தது. கைப்புண்ணுக்குக் கட்டுப் போட வந்த சாயப் பட்டறைப் பெண் ஒருத்தி, “பையன் தங்கம்மா. காக்கா வலிப்புன்னு மட்டும் ஒரு பேச்சு இருக்குது” என்றாள். நான் அதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கேட்டால் அவரிடமே கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அப்போதுதான் ருக்மணி அக்காவின் கனவில் நான் போனேன். வகுப்பில் இருந்ததால் எனக்குத் தெரியாது, ரூத்தான் பிறகு சொன்னாள். பாலாற்று மணலில் நானும் ஆஸ்பத்திரி கம்பவுண்டரும் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தோமாம். பெரிய சிஸ்டர், “மணல் சுடலியா?” என்று கேட்டிருக்கிறார். டீ கொண்டுவந்த ஆயா கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆயாவிடமிருந்து அது தெருவுக்குப் போனது, தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போனது. கனவு என்ற சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டைப் போய்ச் சேர்ந்தபோது மணல் இருந்தது, கம்பவுண்டர் இருந்தார், கடலைத் தோல்கூட இருந்தது.

ஒரு மதியம் அந்த அத்தை எங்கள் அறைக்கே விசாரிக்க வந்துவிட்டார்கள். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் பெண் வேலை பார்க்கிற இடத்தில் சத்தமில்லாமல் விசாரிப்பது எல்லோரும் செய்வதுதான். பெண் காதில் விழாமல் செய்ய வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரிய சிஸ்டர் ஒருவருக்குத்தான் தெரியாது. அத்தை குரலைத் தாழ்த்தி, “அந்த மரகதம் பொண்ணு எப்படிம்மா?” என்று கேட்டதும், ஆள் விட்டு என்னை வகுப்பிலிருந்து வரவழைத்துவிட்டார். பாதி சுற்றிய பாண்டேஜ் துணியோடு நான் வந்து நின்றேன்.

“நான் பொண்ணைப் பாக்க வரலீங்க. பொண்ணைப் பத்திக் கேக்க வந்தேன்” என்றார் அத்தை.

“தோ நிக்கிறா. அவளைப் பத்தி அவளைவிட யாருக்குத் தெரியும்? கேளுங்க.”

“இன்னா கேக்கறது? பாலாத்து மணல்ல யார்கூட உக்காந்துக்கினு இருந்தான்னு கேக்கணுமா? அதைப் பொண்ணு மூஞ்சியப் பாத்துக் கேக்க எனக்கு வாய் வரல.” எழுந்தார்கள். “எங்களுக்கு இது சரிப்பட்டு வராது” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

என் கையிலிருந்து பாண்டேஜ் உருண்டு மேஜைக்கு அடியில் போனது. எனக்கு அழுகைகூட வரவில்லை. பெரிய சிஸ்டரைப் பார்த்து, “உங்க சட்டத்தால என் வாழ்க்கை போச்சு” என்றேன்.

அவர் ருக்மணி அக்கா பக்கம் திரும்பினார். “மணல்ல உக்காந்தது நீ கண்ட கனவாச்சே?”

அக்கா டிபன் பாக்ஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். “கனவுன்னு சொன்னா பேசலாம்னு நீங்கதான் சொன்னீங்க” என்றார்.

பெரிய சிஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தனை நாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்ட கதையெல்லாம் என்ன என்று ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவது முகத்தில் தெரிந்தது. எனக்கு அவ்வளவு கோபத்திலும் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஏமாந்த குழந்தை முகம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பின்னால் ருக்மணி அக்கா. அழுது வீங்கிய கண்.

“மரகதம், புடவை மாத்திக்கினு வா. அவங்க வூட்டுக்குப் போறோம்.”

என் அம்மா குறுக்கே வந்து நின்றாள். “பொண்ணை இட்டுக்கினு மாப்பிள்ளை வூட்டுக்குப் போறதா? ஊரு காறித் துப்பும்மா. நீ பண்ணது போதாதா?”

“நான் பண்ணதுதாம்மா. அதனாலதான் நான் வந்தேன்” என்றார் பெரிய சிஸ்டர். “இப்ப இவளைப் பத்தி அந்த வூட்ல பேசிக்கினுதான் இருப்பாங்க. இவ அங்க இல்லாம பேசினா அப்படியே ஆயிடும்மா.”

நான் ஏன் கிளம்பினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்மேல் கோபம் தீரவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து அம்மா முகத்தைப் பார்ப்பதைவிட அது மேல் என்று தோன்றியிருக்கலாம். இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மூன்று பேரும் நடந்தோம். தெருவுக்குத் தெரு பாவு விரித்திருந்தார்கள். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று, மாம்பழ நிறத்தில் ஒன்று. வெயில் இன்னும் இளசாக இருந்தது. பாவுக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தவர்கள் நூலைப் பிடித்தபடியே எங்களைப் பார்த்தார்கள். ஓர் இடத்தில் வழியை அடைத்துக் கட்டியிருந்தது. பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, எங்களைக் குனிந்து போகச் சொன்னார்கள். நிமிர்ந்து பார்த்தால் வானம் முழுக்க நூல். அந்த நூலுக்கு அடியில் நடந்தபோது எனக்கு எல்லாம் யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. இதுவும் நாளைக்கு மதியம் ரூத்துக்குச் சொல்ல வேண்டிய கனவுதானோ என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டில் அவர் கூடத்தில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அத்தை சமையலறையிலிருந்து வந்து, என்னைப் பார்த்து அப்படியே நின்றார்கள்.

பெரிய சிஸ்டர் ருக்மணி அக்காவை முன்னால் விட்டார். அக்கா வாலாஜாபாத் பஸ்ஸே அதிரப் பேசுகிறவர். அன்று அவருக்குக் குரல் எழும்பவில்லை.

“அந்த மணல் விஷயம்... நான் சொன்னதும்மா. கனவுன்னு சொன்னேன். கனவுகூட இல்ல. எனக்கு அப்படி ஒரு கனவு வரவே இல்ல. சும்மா சொன்னேன்.”

“இன்னாத்துக்கு?” என்றார் பெரிய சிஸ்டர்.

“இவளுக்கு வரன் வந்துடுச்சேன்னு...” அக்காவால் முடிக்க முடியவில்லை. அக்காவுக்கும் ஒரு காலத்தில் வந்த வரன்கள், நர்ஸ் என்றதும் திரும்பிப் போனவைதான். பிறகு வருவதே நின்றுவிட்டது. அது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் ஞாபகம் வந்தது. என் கை தானாகப் போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டது.

அத்தை தூணில் சாய்ந்துகொண்டார்கள். “சரிம்மா. பொய்யின்னே ஆவட்டும். ஊரு வாயை யாரு மூடறது? நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களே.”

மாப்பிள்ளை முன்னால் வந்தார். “அத்த, அவங்களைப் பத்தி நாம கேட்டோம். நம்மளைப் பத்தி அவங்க ஒண்ணும் கேக்கலியே.” என் பக்கம் திரும்பினார். “என்னைப் பத்தி உங்களாண்ட யாருனா எதனா சொன்னாங்களா?”

“சொன்னாங்க” என்றேன். “வலிப்பு வரும்னு சொன்னாங்க.”

“அய்யோ” என்று அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“நெசந்தான்” என்றார் அவர். “சின்ன வயசிலேர்ந்து. இப்ப எப்பனா ஒரு தடவை.”

அதற்கு மேல் எனக்குப் பெண் பார்க்கிற முறையெல்லாம் மறந்துவிட்டது. நர்ஸாகத்தான் கேட்டேன். “விழும்போது நாக்கைக் கடிச்சுக்குவீங்களா?”

“சில தடவை.”

“அடி படுமா?”

“படும். தோ, இங்க.” புருவத்துக்கு மேல் தழும்பைக் காட்டினார்.

“அப்ப பக்கத்துல யார் இருப்பாங்க?”

அவர் அத்தையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “யாரும் இருக்க மாட்டாங்க. சத்தம் தெருவுக்குக் கேட்டுடும்னு, கதவைச் சாத்திட்டு அத்த வெளிய உக்காந்துக்குவாங்க. அடங்கினப்புறம் தொறப்பாங்க.”

“நான் இன்னாம்மா பண்ணுவேன்?” அத்தை அழுதார்கள். “தெரிஞ்சா வேலை குடுப்பானா? எவனாவது பொண்ணு குடுப்பானா? உள்ள அது கெடந்து அடிச்சுக்கறத காதால கேட்டுக்கினு வெளிய உக்காந்திருக்கேனே, என் வயிறு பத்தற எரிச்சல் யாருக்குத் தெரியும்?”

பெரிய சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேண்டாம் என்று நான் கை காட்டினேன். அவர் நிறுத்திக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

நான் மாப்பிள்ளையைத்தான் பார்த்துச் சொன்னேன். அத்தைக்கும் கேட்கட்டும், தெருவுக்கும் கேட்கட்டும் என்று நன்றாகவே சொன்னேன்.

“நான் வந்தேன்னா கதவு தொறந்தேதான் இருக்கும்.”